வெப்சைட்டுக்கு ஆள் பிடித்த கதை

சேர்மன் அறையில் ஆறு நாற்காலிகள். ஐந்து சாதாரணமானவை. ஆறாவது, சேர்மனுடையது, மற்றவற்றைவிட ஒரு சாண் உயரம். பதினோரு பேர் வேலை பார்க்கும் லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனிக்குச் சேர்மன் எதற்கு என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. அப்பா இருந்தவரை அந்த அறையில் கம்பிவடச் சுருள்களும் கிரீஸ் டப்பாக்களும்தான் கிடந்தன. அப்பா போன மறுமாதமே அண்ணன் அவற்றை வெளியேற்றினார், கதவில் பித்தளைப் பலகை மாட்டினார், தன்னைத் தானே சேர்மன் ஆக்கிக்கொண்டார். அன்றிலிருந்து கூடப்பிறந்த தங்கைகூட ஆபீசுக்குள் அவரை 'அண்ணா' என்று கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் காது கேட்காது.

அந்தத் தங்கைதான் அன்று அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். நாற்பத்து மூன்று வயது. இரண்டு தெரு தள்ளி ஒற்றை அறையில் ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு சின்னச் சின்னக் கடைகளுக்கு இணையதளம் வடிவமைத்துக் கொடுப்பவள். ஆபீசில் அவளுக்குப் பெயர் டிசைனர். பக்கத்து நாற்காலியில் பிராண்ட் ஆலோசகர். அவர் லிஃப்டில் ஏறுவதற்கு முன்பே அவருடைய வாசனை இரண்டாம் மாடிக்கு வந்துவிடும் என்பதால் மெக்கானிக்குகள் அவருக்கு 'சென்ட்டு' என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்த நிறுவனத்தில் தகுதி பார்த்து வழங்கப்பட்ட ஒரே பட்டம் அதுதான்.

"கண்ண மூடிக்கங்க," என்றார் சென்ட்டு. "உங்க வெப்சைட் ஒரு மனுஷனா இந்த ரூமுக்குள்ள வருது. யாரு அது? எப்படி நடந்து வருது?"

சேர்மன் பக்தியோடு கண்ணை மூடினார். டிசைனர் மூடவில்லை. யாராவது ஒருவர் முழித்துக்கொண்டிருப்பது நல்லது என்று அவளுக்குத் தோன்றியது.

"சிங்கம்," என்றார் சேர்மன்.

"மனுஷன் சார். மிருகம் அடுத்த ஷீட்ல வருது."

"அப்ப நான்தான்."

சுவரில் ஏற்கெனவே ஆறு மஞ்சள் துண்டுச்சீட்டுகள் ஒட்டியாகிவிட்டது. துணிவு, அன்பு, நேர்த்தி, வேகம், நம்பிக்கை, புதுமை. இதே ஆறையும் டிசைனர் போன மாதம் ஒரு டயர் கடைச் சுவரில் பார்த்திருந்தாள். அதற்கு முந்தின மாதம் ஒரு பல் ஆஸ்பத்திரியில். உலகத்தில் எல்லா வியாபாரமும் அன்பாகவும் துணிவாகவும்தான் இருக்க ஆசைப்படுகிறது. ஒரே ஒரு கடைக்காரர்கூட 'எங்க ஆளு கொஞ்சம் முசுடு, ஆனா சொன்ன நேரத்துக்கு வந்துடுவாரு' என்று எழுதி ஒட்டிப் பார்த்ததில்லை.

இப்போது இருந்த இணையதளத்தில் சேர்மனின் ஆளுமைக்குக் குறைச்சல் ஒன்றும் இல்லை. திறந்ததும் தங்க நிறச் சின்னம் மூன்று சுற்றுச் சுற்றும். பிறகு டை கட்டிய சேர்மன். பிறகு சேர்மனின் செய்தி, நான்கு பத்தி. போன் நம்பர் இரண்டு பக்கம் தள்ளி, எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவன் அதைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் கரண்ட் வந்து, கதவு திறந்து, வீட்டுக்குப் போய்க் குளித்தே முடித்துவிடலாம்.

"இன்னொரு விஷயம் சார்," என்றார் சென்ட்டு. "இப்ப யாரும் போன் பண்ணிப் பேசறதில்ல. வெப்சைட்தான் பேசணும். அதுக்குன்னு ஒரு ஆளுமை வந்துட்டா, பக்கத்து ரூம்ல இருக்கற அந்தப் போனு, அந்த சீட்டு, அதையெல்லாம் படிப்படியா..." என்று சொல்லிச் சட்டைத் தூசியைத் தட்டுவது மாதிரி தட்டினார்.

"போன் அக்காவச் சொல்றீங்களா?" சேர்மன் கண்ணைத் திறந்தார். "எனக்கும் அந்த யோசனை இருக்கு. அவங்க பேசற பேச்சு நம்ம இமேஜுக்கு ஒத்து வரல."

டிசைனருக்குச் சுருக்கென்றது. போன் அக்காவை அப்பா வேலைக்கு வைத்துப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. பிளைவுட் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு மேஜை, இரண்டு போன், ஒரு தடித்த நோட்டு. ஊரில் எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்ட் நின்றாலும் முதலில் கேட்கிற குரல் அவளுடையது. அந்த நாற்காலியைத்தான் இந்த மனிதர் தூசி தட்டுகிறார்.

போன் அடித்தது. தடுப்பு வழியாகக் குரல் வந்தது.

"சொல்லுங்க. உள்ள எத்தன பேரு... ரெண்டா? பின்னாடி அழுவுதே, அந்தக் குழந்தைய யாரு எண்ணுவா? மூணு. லைட்டு எரியுதா? எந்த மாடி தாண்டுச்சு? கதவ இழுக்காதீங்க. இழுத்தா சிக்கிக்கும், அப்புறம் எங்க ஆளு வந்தாலும் லேட்டாகும். தரையில உக்காருங்க. அழுக்காத்தான் இருக்கும், பேன்ட்ட தொவச்சுக்கலாம். இன்னும் பதினஞ்சு நிமிஷத்துல தலைக்கு மேல டங்குனு ஒரு சத்தம் வரும். அது எங்க மெக்கானிக். அப்புறம் லிஃப்ட் ஒரு அடி கீழ போவும். விழல, இறக்கறாங்க. என்ன வரும்னு சொன்னேன்? ஒரு தடவ நீங்க சொல்லுங்க பாப்போம்."

டிசைனர் எழுந்தாள். ஒரு துண்டுச்சீட்டை எடுத்து, 'போன் அக்கா' என்று எழுதி, அன்பு, துணிவு, நேர்த்தி மூன்றையும் மறைக்கிற மாதிரி ஒட்டினாள்.

"வெப்சைட் மனுஷியா வந்தா இவங்கதான்," என்றாள்.

அவள் போட்ட கணக்கு எளிமையானது. வெப்சைட்டே போன் அக்கா மாதிரி ஆகிவிட்டால் போன் அக்காவை யார் வெளியே அனுப்புவார்கள்? அசலை வைத்துத்தானே நகல் நிற்கும். நாற்பத்து மூன்று வயதில் இப்படி ஒரு கணக்குப் போட்டதற்காக அவள் பிறகு பலமுறை தலையில் அடித்துக்கொண்டாள்.

சேர்மன் முகம் சுளித்தார். ஆனால் சென்ட்டு கண்கள் மின்னச் சொன்னார்: "உண்மைத்தன்மை. இப்ப மார்க்கெட்ல அதுதான் சார் ஓடுது."

மறுநாள் காலையிலிருந்து டிசைனர் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு போன் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூன்று நாள்.

போன் அக்காவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். சேர்மன் அறை ஏசியின் வாய் தடுப்புக்கு மேலே இந்தப் பக்கமும் காற்றைத் துப்பும் என்பதால் வருஷம் முழுக்கக் கடுகு மஞ்சள் நிறத்தில் ஒரு ஸ்வெட்டர் போட்டிருப்பாள். முழங்கையில் வேறு நூலில் ஒட்டுப் போட்டது. நோட்டில் அவள் எழுதும் எழுத்து குட்டையாகவும் பருமனாகவும், ஒவ்வொன்றும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

"என்னம்மா, நான் பேசறதையா எழுதற?"

"உங்கள மாதிரியே ஒரு வெப்சைட் பண்ணப் போறேன் அக்கா."

"என்னை மாதிரி ஒண்ணே தாங்கலன்னு எங்க வீட்டுக்காரரு சொல்லிட்டிருக்காரு. நீ ரெண்டாவது பண்றியா." சொல்லிவிட்டுச் சிரித்தாள். டிபன் டப்பாவில் இருந்ததில் பாதியை மூடியில் வைத்து நீட்டினாள்.

டிசைனர் எழுதிக்கொண்டே இருந்தாள். போன் அக்கா யாரிடமும் 'பயப்படாதீங்க' என்று சொல்வதில்லை. அந்த வார்த்தையைக் கேட்ட பிறகுதான் பயமே ஆரம்பிக்கும் என்பது அவள் கண்டறிந்தது. ஒரு மூச்சுக்கு ஒரு கேள்வி. பதில் வராமல் அடுத்ததுக்குப் போகமாட்டாள். அடுத்து வரப்போகும் சத்தத்தை முன்கூட்டியே சொல்லிவிடுவாள். தெரிந்த சத்தத்துக்கு யாரும் அலறுவதில்லை. வைக்கும்போது 'நன்றி' சொல்லமாட்டாள். 'வெளிய வந்ததும் ஒரு வார்த்த சொல்லுங்க' என்பாள். வெளியே வந்தவர்களில் பாதிப் பேர் சொல்லவும் செய்தார்கள்.

அதிலிருந்து அவள் வடிவத்தை எடுத்தாள். லிஃப்டுக்குள் விளக்கு அணைந்திருக்கலாம், கண் கூசக் கூடாது. எனவே பின்னணி கறுப்பு. எழுத்து கடுகு மஞ்சள், குட்டையாகப் பருமனாக. கை நடுங்கும், எனவே பட்டன் ஒவ்வொன்றும் கட்டைவிரல் இரண்டு அகலம். ஒரு திரைக்கு ஒரே ஒரு கேள்வி. அக்கா மூச்சு விடும் இடத்தில் வரி முடியும். படம் கிடையாது, அசைவது எதுவும் கிடையாது. இரும்புப் பெட்டிக்குள் சிக்னல் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பெரிய மஞ்சள் பட்டன்: 'பேசணுமா? நான் இருக்கேன்.' தொட்டால் தடுப்புக்கு அந்தப் பக்கத்துப் போன் அடிக்கும்.

செய்து முடித்துத் திரையைப் பார்த்தபோது அவளுக்கே சிலிர்த்தது. ஒரு படம்கூட இல்லாத பக்கத்தில் ஒரு மனுஷி ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இருபது வருஷ வேலையில் அவள் செய்த மிகச் சிறந்த காரியம் அது. மிக மோசமான காரியமும் அதுதான் என்று தெரிய நான்கு மாதம் ஆயிற்று.

தளம் பிய்த்துக்கொண்டு போனது. மாட்டிக்கொண்டவர்கள் வெளியே வந்து, அந்தக் கறுப்பு மஞ்சள் பக்கத்தைப் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பினார்கள். லிஃப்ட்காரர்கள் சங்கம் ஆண்டு விழாவில் சேர்மனைக் கூப்பிட்டுக் கேடயம் கொடுத்தது. சேர்மன் இருபத்திரண்டு நிமிஷம் பேசினார். அதில் போன் அக்கா பெயர் வரவில்லை, தங்கை பெயர் வரவில்லை, லிஃப்ட் என்ற சொல்லே இரண்டு தடவைதான் வந்தது. சென்ட்டு மேடைக்குக் கீழே நின்று அட்டை வினியோகித்தார். அட்டையில் 'ஆளுமைச் சிற்பி' என்று போட்டிருந்தது.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் விஷயம் வெளியே வந்தது. வீட்டில் அவர் சேர்மன் இல்லை. உப்பு எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாத சாதாரண மனிதர்.

"அடியில இருக்கற அந்தப் போன் பட்டனை எடுத்துடு," என்றார், குழம்பை ஊற்றிக்கொண்டே. "அதுக்குப் பதிலா டைப் பண்ணிக் கேக்கற பெட்டி ஒண்ணு வருது. அந்த ஆலோசகரே ஆள் வச்சுப் பண்ணித் தராரு. போன் அக்கா பேசற மாதிரியே பதில் சொல்லும். நீ எழுதின அந்த மூணு நாள் நோட்டு இருக்குல்ல, அத அவருக்குக் குடுத்துடு."

"போன் அக்கா?"

"இந்த மாசக் கடைசியோட போதும்னு சொல்லிட்டேன். வயசாச்சு. ஓய்வெடுக்கட்டும்."

"அவங்க கேட்டாங்களா ஓய்வு?"

"நல்லது செய்யறதுக்குக் கேட்டுட்டா செய்வாங்க? ஒரு சால்வை போத்தலாம்னு இருக்கேன்."

டிசைனரின் கையிலிருந்த தட்டு மேஜையில் டமாரென்று இறங்கியது.

"மெதுவா வைம்மா," என்றாள் அண்ணி, அடுப்படியிலிருந்து. "அது செட்டு. ஒண்ணு போச்சுன்னா ஆறும் போச்சு. வேணும்னா உங்கண்ணன் தலையில வை, அது செட்டுல சேராது."

"நீ ஏன் குதிக்கற?" அண்ணனுக்கு உண்மையிலேயே புரியவில்லை. "நீதான சொன்ன, வெப்சைட் மனுஷியா வந்தா அவங்கதான்னு. இப்ப வெப்சைட்லயே அவங்க இருக்காங்க. அப்புறம் அதே ஆளு சேர்ல எதுக்கு இன்னொரு தடவ?"

  அவள் போட்ட கணக்கையே அவர் திருப்பிப் போட்டுக் காட்டியிருந்தார். முட்டாள்கள் சொல்வதில் தர்க்கப் பிழை இருக்கும் என்று நம்பி வாழ்கிறவர்களுக்கு இப்படிப்பட்ட நேரம் ரொம்பக் கஷ்டம். கை கழுவாமல் எழுந்து வந்துவிட்டாள். தெருமுனை வரை வந்த பிறகுதான் விரலில் குழம்பு காய்ந்திருப்பது தெரிந்தது.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போன் அக்காவின் முன்னால் போய் நின்றாள். ஸ்டூலைக் காணோம்.

"அக்கா, நான் அண்ணன்கிட்ட பேசறேன். இது நடக்காது."

போன் அக்கா நோட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை. "யாருக்குப் பேசப் போற? எனக்கா, உன் வெப்சைட்டுக்கா?"

"அக்கா..."

"உக்காராத. நின்னே கேளு." குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தாங்கியிருக்கலாம். "போன வாரம் ஒருத்தன் கூப்பிட்டான். உள்ள எத்தன பேருன்னு கேட்டேன். அவன் என்ன கேட்டான் தெரியுமா? 'இது ரெக்கார்டிங்கா?'ன்னு கேட்டான். இல்லப்பா, ஆளுதான்னு சொன்னேன். 'வெப்சைட்ல இருக்கறதையே அப்படியே சொல்றீங்களே'ங்கறான். பத்தொம்பது வருஷமா நான் பேசின பேச்சு. எனக்கே அது சொந்தமில்லன்னு எவனோ சொல்றான். அதுலேர்ந்து ஒவ்வொரு தடவையும் வாயத் திறக்கறப்ப யோசிக்கறேன், இது என் வார்த்தையா, அதுல இருக்கறதான்னு. யோசிச்சுப் பேசறவளா நான்?"

டிசைனர் நின்றாள்.

"மூணு நாள் பக்கத்துல உக்காந்து என் சாப்பாட்டுல பாதியத் தின்ன. சரி, நம்ம பெரியவர் பொண்ணு, ஏதோ நல்லது பண்ணுதுன்னு நெனச்சேன். நீ அளவெடுத்திருக்க. எழுத்த எடுத்த, பேச்ச எடுத்த, நான் மூச்சு விடறத எடுத்த. ஸ்வெட்டரக்கூட விடலியே நீ."

"உங்கள இங்கேர்ந்து அனுப்பாம இருக்கணும்னுதான் அக்கா..."

"எங்கிட்ட கேட்டியா?"

போன் அடித்தது. அக்கா எடுத்தாள். "சொல்லுங்க," என்றாள்; அப்புறம் ஒரு நொடி நின்றாள். பத்தொன்பது வருஷத்தில் இல்லாத ஒரு நொடி. தன் வாயில் வந்ததைத் தானே தடவிப் பார்க்கிற மாதிரி. அந்த ஒரு நொடியை டிசைனர் தன் கண்ணால் பார்த்தாள்.

ஆத்திரம் என்றால் என்ன என்று அவளுக்கு அன்று தெரிந்தது. அண்ணன் மேல் வந்தது. சென்ட்டு மேல் வந்தது. சங்கத்தின் மேல், கேடயத்தின் மேல், போர்த்தப் போகும் சால்வையின் மேல் வந்தது. எல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியில் அவள் மேலேயே வந்து உட்கார்ந்தது. நியாயம் கேட்டுச் சண்டை போடலாம் என்றால் அண்ணனிடம் நியாயம் எடுபடாது. அண்ணனிடம் எடுபடுவது ஒன்றே ஒன்றுதான். அதை அவள் சின்ன வயசிலிருந்து அறிவாள். அவர் கடந்துபோன கண்ணாடிகளில் அவர் தன் முகத்தைப் பார்த்துக்கொள்ளாத கண்ணாடி கிடையாது.

பித்தளைப் பலகைக் கதவைத் தட்டாமல் திறந்தாள். சென்ட்டும் உள்ளே இருந்தார்.

"சேர்மன் சார்," என்றாள். அந்த இரண்டு வார்த்தையை அவள் தானாக முன்வந்து சொன்னது அதுதான் முதல் தடவை. "ஒரு சந்தேகம். இந்த வெப்சைட்ல நீங்க எங்க இருக்கீங்க?"

சேர்மன் நிமிர்ந்தார்.

"சங்கத்துல கேடயம் வாங்கினது நீங்க. வெளிய வந்ததும் எல்லாரும் கேட்டது என்ன? 'அந்த மஞ்சள் அம்மா யாரு?' உங்களப் பத்தி யாராவது கேட்டாங்களா?"

காயம் இருந்த இடத்தில்தான் விரல் பட்டது. நான்கு நாளாக அவர் யாரிடமும் சொல்லாமல் சுமந்துகொண்டிருந்தது அது.

"அதானே," என்றார் மெதுவாக.

"அன்னைக்கு முதல் கேள்விக்கே நீங்க சரியாத்தான் பதில் சொன்னீங்க. 'அப்ப நான்தான்'னு. நான்தான் கெடுத்துட்டேன். ஒரு கம்பெனியோட ஆளுமைன்னா அது தலைவரோட ஆளுமை. சாரே அவரோட அட்டையில அப்படித்தான் போட்டிருக்காரு."

சென்ட்டு எதையோ சொல்ல வாயெடுத்தார். தன் அட்டையில் தான் என்ன போட்டிருக்கிறோம் என்று அவருக்கு நினைவில்லை. எல்லாமே போட்டிருந்தது என்பதால் ஒப்புக்கொள்வதே பாதுகாப்பு என்று தலையாட்டினார்.

"புதுசா பண்றேன்," என்றாள். "முழுக்க உங்கள வச்சு. ஒரு வாரத்துல."

அவள் அளவெடுப்பதில் கெட்டிக்காரி என்பது ஏற்கெனவே நிரூபணமானது. இந்த முறை ஸ்டூல் தேவைப்படவில்லை. நாற்பது வருஷமாகக் கூடவே இருந்து பார்த்த ஆள். சேர்மனைப் பொய்யாக ஒரு கோடுகூட இழுக்காமல் வரைந்தாள். பக்கம் திறந்ததும் கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது. அவர் எந்தக் கூட்டத்துக்கும் நேரத்துக்கு வந்ததில்லை. பிறகு அடியிலிருந்து அவர் முகம், லிஃப்டில் ஏறி வருவது போல், மெதுவாக மேலே வரும். முதலில் முடி, அப்புறம் நெற்றி, நெற்றி முடிய வெகுநேரம் ஆகும். பின்னணி, உயர நாற்காலியின் அதே மெரூன். எழுத்து பொன்னிறம், மெல்லிசு, வளைந்து வளைந்து, எதைச் சொல்கிறது என்று சொல்லாமல் நகரும். செய்தி ஒவ்வொரு எழுத்தாகத் தானே எழுதப்படும். குறுக்கே புகுந்து எதையும் கேட்க முடியாது. கடைசியில் கையெழுத்து தானாகப் போட்டுக்கொள்ளும், இரண்டு கோடு அடியில் இழுத்து.

"போன் நம்பர் வேண்டாம்னு பேசியிருந்தோம்," என்று சென்ட்டு நினைவூட்டினார்.

"எப்படி?" என்றாள் டிசைனர். "சேர்மன் படத்துக்குக் கீழ நம்பர் இல்லாம இருந்தா என்னவோ தேடப்படற ஆள் மாதிரி இருக்காது? பெரிய மனுஷன்னா நம்பர் பெருசா இருக்கணும்."

"பெருசாவே போடு," என்றார் சேர்மன்.

பெரிதாகவே போட்டாள். திரையின் அகலம் முழுக்க. கறுப்பில், குட்டையாக, பருமனாக, வளைவு ஏதும் இல்லாமல்.

அவள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பக்கத்தில் எது முதலில் வந்து சேர வேண்டும், எது பிறகு என்று வரிசை போடலாம். சேர்மனின் முகத்தை அவர் கேட்டபடியே ஒவ்வொரு மயிர்க்காலும் தெரிகிற தரத்தில் வைத்தாள். அந்தப் படம் பத்துப் பேர் ஏறிய லிஃப்ட் மாதிரி கனம், சிக்னல் குறைந்தால் நகரவே நகராது. அதை வரிசையின் கடைசியில் நிறுத்தினாள். முதலில், எல்லாவற்றுக்கும் முதலில், நம்பர். ஆபீசில், வேகமான இணைப்பில், உயர நாற்காலியில் இருந்து பார்த்தால் சேர்மன் மெரூன் வானத்தில் சூரியன் போல உதிப்பார்.

தளத்தை வெளியிடுவதற்கு முந்தின நாள் அவள் ஆபீஸ் கட்டடத்தின் பழைய சரக்கு லிஃப்டுக்குள் போனாள். கதவைச் சாத்தினாள். பெரிய மெக்கானிக் மேலே இருந்து நடுவில் நிறுத்தினார். விளக்கையும் அணைக்கச் சொன்னாள். சிக்னல் ஒரு கோடு, அதுவும் விக்கிக்கொண்டு. போனில் பக்கத்தைத் திறந்தாள். வெறும் வெள்ளை. அடுத்த நொடி, நம்பர். அவ்வளவுதான். ஏழு நிமிஷம் காத்திருந்தாள். சேர்மனின் முடிகூட வந்து சேரவில்லை.

"முடிஞ்சுதா?" என்று மேலேயிருந்து பெரிய மெக்கானிக் கத்தினார்.

"அண்ணன் வரலண்ணே," என்றாள் இருட்டிலிருந்து.

"எப்ப வந்திருக்காரு," என்றார் அவர்.

புதுத் தளம் வந்த மூன்றாம் நாளில் போன் அக்காவின் இரண்டு போன்களும் ஓயவில்லை. மாட்டிக்கொண்டவர்களுக்குப் படிக்க ஒன்றும் கிடையாது, அமுக்கப் பட்டன் கிடையாது. நம்பர்தான் இருந்தது, கூப்பிட்டார்கள். ஆபீசிலும் வீட்டிலும் சௌகரியமாக உட்கார்ந்து பார்த்தவர்களோ, சேர்மனின் செய்தி எழுத்து எழுத்தாக ஊர்ந்து முடியும்வரை பொறுக்க முடியாமல் கூப்பிட்டார்கள். சேர்மன் தன் அறையில் இருந்து தடுப்பைத் தாண்டி வரும் அந்த மணிச் சத்தத்தைக் கேட்டுப் பூரித்துப்போனார்.

"பாத்தியா," என்றார் தங்கையிடம். "என் முகத்தப் பாத்துட்டுத்தான் கூப்பிடறாங்க. முகம்னா ஒரு நம்பிக்க. இவ்வளவு பேரு கூப்பிடறப்ப எடுக்கறதுக்கு ஆளு வேணாமா? அந்த அக்காவ இப்ப அனுப்ப வேண்டாம்."

"சால்வை?"

"வாங்கினத என்ன பண்றது. எனக்கே போத்திடச் சொல்லு, சங்கத்துல."

சென்ட்டு அந்த டைப் பண்ணிக் கேட்கிற பெட்டியை வைக்காமலேயே ஒதுங்கினார். போகிற இடத்தில் எல்லாம் இந்தத் தளத்தைக் காட்டி, ஒரு தலைவரின் முகம் எத்தனை அழைப்பைக் கொண்டுவரும் என்று பேசுவதாகக் கேள்வி. அவரைத் திட்டிக்கூட முடிக்கவில்லை அவள். ஜெயித்ததாகவும் தோன்றவில்லை. ஒரு மனுஷியின் நாற்காலி நிலைப்பதற்கு ஒரு முட்டாளின் முகத்தை மெரூன் வானத்தில் ஏற்ற வேண்டியிருந்தது என்பது, நினைக்க நினைக்க வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது.

அந்த மூன்று நாள் நோட்டை எடுத்துக்கொண்டு தடுப்புக்கு அந்தப் பக்கம் போனாள். நாற்காலியில் போன் அக்கா இருந்தாள். ஸ்வெட்டர் இருந்தது, மஞ்சள் இல்லை. சாம்பல் நிறம், புதுசு, கடையில் மடித்த மடிப்பு இன்னும் கலையவில்லை. அக்காவுக்கு அது கொஞ்சமும் பொருந்தவில்லை.

ஸ்டூல் திரும்பி வந்திருந்தது. அதன் மேல் பழைய நோட்டுகள் அடுக்கி வைத்திருந்தது. உட்கார இடமில்லை.

"என்ன, மறுபடியும் அளவெடுக்கவா?"

"இல்லக்கா. இதக் குடுத்துட்டுப் போலாம்னு." நோட்டை மேஜையில் வைத்தாள். "எங்கிட்ட வேற பிரதி இல்ல. பழைய வெப்சைட்ட அழிச்சுட்டேன். யாரும் எடுக்க முடியாது."

போன் அக்கா நோட்டைப் பிரித்தாள். முதல் பக்கத்தைப் படித்தாள். இரண்டாம் பக்கத்தில் விரல் நின்றது. "'அக்கா மூச்சு விடும் இடத்தில் வரி முடிய வேண்டும்.'" சத்தமாகப் படித்துவிட்டு மூடினாள். மேஜை டிராயரைத் திறந்து உள்ளே போட்டு, பூட்டி, சாவியை ஸ்வெட்டர் பையில் போட்டுக்கொண்டாள். சாம்பல் ஸ்வெட்டரின் பை தைத்தே இருந்தது, பிரிக்கவில்லை. சாவி கீழே விழுந்தது. டிசைனர் குனிந்து எடுத்து நீட்டினாள். அக்கா வாங்கிக்கொண்டாள்.

"அக்கா, மஞ்சள் என்னாச்சு?"

"நீயே வச்சுக்க."

போன் அடித்தது. அக்கா கையைக் காட்டினாள், போகச் சொல்லியா இருக்கச் சொல்லியா என்று தெரியாத ஒரு கை. டிசைனர் நின்றுகொண்டே இருந்தாள்.

"சொல்லுங்க," என்றாள் போன் அக்கா. அந்த ஒரு நொடி மறுபடி வந்தது. அந்தப் பக்கத்து ஆள் ஏதோ கேட்டிருக்க வேண்டும்; அக்காவின் முகம் சிவந்தது.

"இல்லங்க, ரெக்கார்டிங் இல்ல. ரெக்கார்டிங்கா இருந்தா இந்நேரம் உங்களுக்கு நன்றி சொல்லியிருக்கும். உள்ள எத்தன பேரு? கதவுலேர்ந்து கைய எடுங்க முதல்ல. எனக்குச் சத்தம் கேக்குது, எடுங்க கைய."